மக்னீசியத்துக்கு ஒரு விழா

மனிதகுலம் மக்னீசியத்துக்கு இதுவரை உரிய மரியாதை செய்ததில்லை. அந்தக் களங்கத்தைத் துடைத்த பெருமை குடவாசல் பக்கம் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியையே சேரும்.

அங்கே ஆராய்ச்சி மாணவி சுடர்விழி. நன்னிலத்துக்காரி, அம்மா இன்றும் நடவுக்குப் போகிறவர். மக்னீசியம் எடை குறைந்த உலோகம்தான், ஆனால் சூடேறினால் பாரம் தாங்காமல் இழுபடும். துளி கால்சியம் சேர்த்தால் தாங்கும் என்று காட்டுவதற்கு அவள் மூன்று வருடம் உலைமுன் வெந்திருந்தாள். கடைசி வார்ப்பு சோதனையில் தேறினால்தான் முனைவர் பட்டம்.

இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு சின்னப் பெண்ணிடம் விட்டுவிட முடியுமா? தாளாளர் இராஜாங்கம் வார்ப்பை ‘விழா’ ஆக்கினார். மேளம் வந்தது, பொன்னாடை வந்தது. சுவாமிமலையில் அம்மன் சிலை வார்த்தபோது பக்தர்கள் உலோகக் குழம்பில் தங்கம் போட்டதைக் கண்ணால் கண்டவர் அவர்.

“ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க. புண்ணியம்” என்று தன் தங்க மோதிரத்தைக் கழற்றி உலைக்குள் போட்டார். அரிசி ஆலை அதிபர் வெள்ளிக்காசு போட்டார். அவர் மனைவி பித்தளைக் குங்குமச்சிமிழைக் கண்ணில் ஒற்றிப் போட்டார்.

“சார், இது சாமி சிலை இல்லீங்க. கண்டதைப் போட்டா சூட்டுல நிக்காது” என்றாள் சுடர்விழி.

“நீ மட்டும் கால்சியம் போடலாம், நாங்க போடக்கூடாதாம்மா?”

அவள் தன் வழிகாட்டி பேராசிரியர் அறிவுச்செல்வனைப் பார்த்தாள். உலோகவியலில் பழம் தின்று கொட்டை போட்ட அவர் ஆழ்ந்து சிந்தித்தார். பிறகு கை தட்டினார்.

சோதனையில் அந்த உலோகம் ஜவ்வுமிட்டாயாக இழுபட்டது. உடனே, பாரபட்சமற்ற ‘விசாரணைக் குழு’ இராஜாங்கம் தலைமையிலேயே கூடியது.

“தங்கம் நான் போட்டது. வெள்ளி, பித்தளையெல்லாம் நம்ம ஆலைக்காரங்க வீட்டுது. எல்லாம் நல்ல மனசோட போட்டது. கால்சியம் யாரு போட்டது?”

“நான்தாங்க.”

“பாத்தீங்களா, ஒத்துக்கிச்சு.”

சுடர்விழி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கூடவே ஒரு தீர்மானம்: உலோகவியல் தெரிந்தவர்கள் எவரும் இனி வார்ப்பு விழாவில் உலைப்பக்கம் வரக்கூடாது. முன்மொழிந்தவர் அறிவுச்செல்வன்.

“அப்ப நீங்களும் வர முடியாதே சார்?” என்று கவலைப்பட்டார் தாளாளர்.

“எனக்கு அது பொருந்தாதுங்க” என்றார் பேராசிரியர் பணிவாக.

அதை மட்டும் சுடர்விழியும் மறுக்கவில்லை.