பேங்கில் பணம் இருக்கக் கூடாது

"பேங்க்ல பணம் இருக்கா? போச்சு. காலேஜ்ல உதவித்தொகையைக் குறைச்சுடுவான்" என்றான் வெர்னன், அக்கா வீட்டு சோபாவில் சாய்ந்து, அக்கா புருஷன் டெல்மரின் பீரைக் குடித்தபடி.

டெல்மர் பியோரியா நகரில் பள்ளிப் பஸ் ஓட்டி, மகள் பெய்ஜின் படிப்புக்கென்று நாற்பதாயிரம் டாலர் சேர்த்திருந்தார். அதுவே அவளுக்கு எமனா?

மறுநாளே முழுப் பணத்தையும் மகள் பெயருக்கு மாற்றினார்.

"கெடுத்தீங்க" என்றான் வெர்னன். "உங்க பேர்ல இருந்தா நூறுக்கு அஞ்சாறு டாலர்தான் கணக்குல எடுப்பான். பிள்ளை பேர்ல இருந்தா இருபது."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே மச்சான். பேசாம படகு வாங்குங்க. படகைச் சொத்துல சேக்க மாட்டான். எங்கிட்டயே ஒண்ணு இருக்கு."

படகு வந்தது. கராஜுக்குள் பாதிதான் நுழைந்தது. மீதி தெருவில் நீட்டிக்கொண்டு நிற்க, நகராட்சி அபராதம் போட்டது.

"ஏங்க, நம்ம மூணு பேருக்கும் நீச்சலே தெரியாதே" என்றாள் மனைவி ரோண்டா.

வெர்னனே பாதி விலைக்குப் படகைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "அக்கா முகத்துக்காகத்தான்" என்றான்.

மிச்சப் பணத்தை டெல்மர் வீட்டுக் கடனில் கட்டினார். குடியிருக்கும் வீட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வாரமே வீட்டைச் சூடாக்கும் அடுப்பு செத்துப்போனது. சரிசெய்யக் கையில் காசில்லை. ஜனவரிக் குளிரில் மூவரும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"அப்பா, விண்ணப்பத்தை நானே அனுப்பிட்டேன்" என்றாள் பெய்ஜ், தட்டைப் பார்த்தபடி. "இனிமே தயவுசெஞ்சு எதையும் வாங்காதீங்க, விக்காதீங்க."

டெல்மருக்குப் பொறுக்குமா? நம்மிடம் ஒரு டாலர்கூட இல்லை என்று அவள் சரியாக எழுதினாளோ என்னவோ. மறுநாள் காலையிலேயே அவளை இழுத்துக்கொண்டு கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனார்.

"அப்பா, வாங்க போயிடலாம்" என்று அவள் வழியெல்லாம் முனகினாள். அவர் காதில் விழவில்லை.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பேங்க், படகு, அபராதம், செத்த அடுப்பு, எதையும் விடவில்லை. "இப்போ எங்கிட்ட சல்லிக்காசு இல்லம்மா. வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க. கோட்டு மட்டும் போட்டுட்டு வாங்க."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு பெய்ஜைப் பார்த்தாள். பெய்ஜ் கூரையைப் பார்த்தாள்.

"உங்க சேமிப்பை நாங்க எதுக்கு சார் பாக்கப் போறோம்? கல்யாணமான பொண்ணுக்கு மாப்பிள்ளை சம்பளத்தைத்தானே பாப்போம்."