வழியில் நிற்காத வண்டியின் வரலாறு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனின் பெயர் இன்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: அவனிடம் நற்பெயர்ப் பிரிவு இல்லை. இந்தக் குறை மனித குலத்தை நெடுங்காலம் வாட்டியது. பிறகு ஜப்பானில் அந்தக் கார் கம்பெனி பிறந்தது, குறை தீர்ந்தது.

கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவ்வளவு நல்ல பெயரை ஒரு சாதாரணக் கதையில் செலவழிப்பது ஊதாரித்தனம்.

அந்தக் கம்பெனியின் கார்களை இந்த நாட்டில் விற்கும் நிறுவனத்தின் நான்காவது மாடியில், கழிவறைக்கும் மின்தூக்கிக்கும் நடுவில், நற்பெயர்ப் பிரிவு இயங்கி வந்தது. ஒரு மேசை, திறக்க முடியாத ஒரு ஜன்னல், ஓர் ஆள். ஆளுக்குச் 'சரித்திரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. அறுபதாம் ஆண்டு விழாவுக்காகக் கம்பெனியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்த அன்று அலுவலகம் வைத்தது. அதற்கு முன் அவர் ஒரு பத்திரிகையில் மரண அறிவிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இறந்துபோனவர்களில் கெட்டவர் என்று ஒருவர்கூடக் கிடையாது என்பதைப் பல ஆண்டுகள் அச்சில் நிரூபித்தவர் என்பதால்தான் கம்பெனி அவரைத் தேடிப் பிடித்தது.

சரித்திரம் வேலையில் உண்மையாகவே மூழ்கிப்போனார். கம்பெனியின் நிறுவனர் தராசு பழுதுபார்ப்பவராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பழைய இரும்பைத் தட்டிக் கொட்டி அவர் செய்த முதல் காரில் ஒரு சிக்கல் இருந்தது. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். நிறுவனர் என்ன செய்தார்? சைக்கிளை எடுத்துக்கொண்டு, கார் வாங்கிய ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் இறங்கி, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, வண்டியை வாங்கிக்கொண்டு போய்ச் சரிசெய்து கொடுத்தார். அந்த மன்னிப்பிலிருந்துதான் ஊரில் அவருக்கு நல்ல பெயர் பிறந்தது. இந்த இடத்தை எழுதியபோது சரித்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பொது மேலாளருக்கும் கண் கலங்கியது. வேறு காரணத்துக்காக.

"என்னங்க இது? கதவு தானா திறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க?"

"திறந்துச்சு சார். நிறுவனரே பல பேட்டியில சொல்லியிருக்காரு."

"அவர் சொல்லலாம். அவர் முதலாளி. நாம சம்பளக்காரங்க. முதலாளியோட தப்பைச் சொல்ற அளவுக்கு நமக்கு என்ன தகுதி இருக்கு?"

அந்தப் பத்தி திருத்தப்பட்டது. "பயணிகள் சிரமமின்றி வெளியேறும் வண்ணம் கதவுகள் தாராள மனப்பான்மையுடன் அமைக்கப்பட்டிருந்தன. நிறுவனர் சைக்கிளில் வாடிக்கையாளர் இல்லங்களுக்கு 'நல்லெண்ணப் பயணம்' மேற்கொண்டார்." சரித்திரம் ஒரு பெருமூச்சு விட்டார். ஆனாலும் வாக்கியம் நன்றாக வந்திருந்ததால் பெருமூச்சிலும் ஒரு திருப்தி இருந்தது.

அந்த வாரம்தான் அவருடைய அக்கா போன் செய்தாள். அக்கா கால்நடை மருத்துவர். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே குரலில் பேசுகிறவள். தம்பி சொன்னான் என்பதற்காகவே கம்பெனியின் புது மாடலை வாங்கியிருந்தாள்.

"டேய், உன் வண்டி நிக்க மாட்டேங்குதுடா."

சரித்திரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "அதானே அக்கா எங்க பேரே! அறுபது வருஷமா எங்க வண்டி எங்கேயும் வழியில நின்னதா வரலாறே இல்ல."

"அட மடையா, பிரேக் போட்டாலும் நிக்கலடா! மிதிச்சா பெடல் சேத்துல கால் வைக்கிற மாதிரி உள்ள போகுது. நேத்து ஒரு பசு மேல மோதப் போயிட்டேன். அது நகர்ந்ததால பொழைச்சுது."

"சர்வீஸுக்கு விட்டியா?"

"விட்டேனே. 'குறை ஒண்ணும் இல்ல மேடம், வண்டிக்கும் உங்களுக்கும் இன்னும் பழக்கம் போதல'ன்னு சொல்லி, காருக்குள்ள தொங்கவிடுற வாசனை அட்டை ஒண்ணு குடுத்து அனுப்பிட்டாங்க."

மறுநாள் அவசரக் கூட்டம். அக்காவைப் போல் இன்னும் பலர் போன் செய்திருந்தார்கள். பணிமனைத் தலைவர் விஷயத்தை நேராகவே போட்டு உடைத்தார்: பிரேக் ஆயிலைப் பிடித்து நிறுத்தும் ஒரு ரப்பர் வளையம் சூட்டில் தளர்ந்துவிடுகிறது, வளையத்தை மாற்றினால் தீர்ந்தது, எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்துவிடலாம்.

'திரும்ப அழைப்பது' என்ற சொல் காதில் விழுந்ததும் அறையில் யாரோ காற்றை நிறுத்திவிட்டது போல் இருந்தது.

"விழா வர்ற நேரத்துல வண்டியைத் திரும்பக் கூப்பிட்டா ஊர் என்ன பேசும்?" என்றார் பொது மேலாளர். "அறுபது வருஷப் பேரு ஒரு ரப்பர் வளையத்துல போகணுமா? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"சின்னச் சின்ன உரசல்தான் சார்," என்றார் வாடிக்கையாளர் உறவு அதிகாரி.

"அப்புறம் என்ன? இது பழுதே இல்ல. இதுக்கு நமக்கு இன்னும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கல, அவ்வளவுதான்."

அன்று மாலைவரை வார்த்தை தேடினார்கள். 'தயங்கும் பிரேக்' என்றார் ஒருவர். தயக்கம் என்றால் கோழைத்தனம் என்று தள்ளப்பட்டது. 'நீட்டித்த பயண அனுபவம்' என்றார் இன்னொருவர். அதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கலாமா என்று நிதிப் பிரிவு ஆவலோடு கேட்டது. கடைசியில் எல்லாருடைய கண்ணும் சரித்திரத்தின் பக்கம் திரும்பியது. மரண அறிவிப்புகளில் பழகிய மூளை. அது தானாகவே வேலை செய்தது.

"நிதான நிறுத்தம்," என்றார்.

கைதட்டல் எழுந்தது. பணிமனைத் தலைவர் மட்டும் கையைத் தட்டாமல் எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "நிதான நிறுத்தம் என்னும் நவீன வசதியை முழுமையாக அனுபவிக்க, முன்னால் செல்லும் வாகனத்திலிருந்து தாராளமான இடைவெளி விடவும்" என்று வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் குறுஞ்செய்தி பறந்தது. சரித்திரத்துக்கு ஜன்னல் திறக்கும் அறை ஒதுக்கப்பட்டது.

புது அறையில் புதுக் காற்று வந்தது. ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்கே போய்விட்டார்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு அந்த வண்டியை எடுக்காதே."

"ஏன்?"

"விழா முடியட்டும். அப்புறம் நானே ஆள் வச்சு ரப்பரை மாத்தித் தரேன்."

அக்கா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "ஓ. அப்ப உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு தம்பி இருக்கான், எனக்குச் சொல்லிட்டான். தம்பி இல்லாதவங்க என்னடா பண்ணுவாங்க?"

சரித்திரம் அந்தத் தம்ளரைச் சற்று ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அந்த 'நிதான நிறுத்தம்' எந்த மூதேவி எழுதினது?"

அவர் தரையைப் பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்துவிட்டு அதே தரையைப் பார்த்தாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விழாவுக்கு ஜப்பான் தலைமையகத்திலிருந்து தரப் பிரிவின் தலைவர் வருவதாகத் தகவல் வந்தது. பொது மேலாளர் உடனே ஒரு திட்டம் தீட்டினார். மகிழ்ச்சியான வாடிக்கையாளர் ஒருவர் புது மாடலை மண்டபத்துக்குள் ஓட்டி வந்து, மேடைக்கு எதிரே நிறுத்தி, இறங்கி, நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும். மகிழ்ச்சியான வாடிக்கையாளரைத் தேடி வாடிக்கையாளர் உறவுப் பிரிவு ஊரெல்லாம் போன் செய்தது. கிடைத்த பதில்களை எழுத்தில் தர அந்தப் பிரிவு மறுத்துவிட்டது.

"உங்க அக்கா நம்ம வண்டிதானே வச்சிருக்காங்க?" என்றார் பொது மேலாளர்.

அக்கா மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில்தான் சரித்திரம் கேட்டார். அவள் உடனே ஒத்துக்கொண்டாள்.

"வர்றேன். முதல் கியர்ல, நடக்கிற வேகத்துலதான் வருவேன். கைப்பிரேக் நல்லாத்தான் இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா முதல்ல கால் பிரேக்கைத்தான் மிதிப்பேன். எல்லாரும் பார்க்கட்டும். எதிர்ல மட்டும் ஒரு ஆளையும் நிக்க விடாதே."

"அக்கா, என் வேலை..."

"ஏன் பயப்படுறே? நிதானமாத்தான் நிறுத்துவேன்."

விழா மண்டபம் மலர்களால் நிறைந்திருந்தது. மேடைக்கு முன்னால் சரித்திரம் எழுதிய வரலாற்று நூலின் பிரதிகள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. கெட்டி அட்டை, வழவழ காகிதம், தங்க எழுத்து. முதல் வரிசையில் தலைமையகத்துத் தரப் பிரிவின் தலைவர். சிறுத்த உருவம், கறுப்புக் கோட்டு அணிந்த ஓர் அம்மையார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், ஓர் இளம்பெண். எதிரில் யாரும் நிற்கக்கூடாது என்று சரித்திரம் கெஞ்சிக் கெஞ்சி எல்லாரையும் ஓரம் கட்டியிருந்தார். பொது மேலாளர் மட்டும் நகரவில்லை. படம் எடுக்கும்போது காருக்கு முன்னால் அவர்தான் இருக்க வேண்டுமாம்.

கதவு திறந்தது. சாய்தளத்தில் வண்டி மெல்ல இறங்கி வந்தது. இசை முழங்கியது. அக்கா பிரேக்கை மிதிப்பது கண்ணாடி வழியாக நன்றாகவே தெரிந்தது. மிதித்தாள். மறுபடி மிதித்தாள். வண்டி எந்தக் கவலையும் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது.

பொது மேலாளர் புன்னகையோடு பின்னால் ஓரடி வைத்தார். வண்டி முன்னால் வந்தது. புன்னகை மாறாமல், கைதட்டியபடி, அவர் பின்னோக்கியே நடக்கத் தொடங்கினார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து அவையும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கடைசியில் மலர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தார். அக்கா கைப்பிரேக்கை இழுக்கவும், வண்டி வரலாற்று நூல் கோபுரத்தில் போய் முட்டி நிற்கவும் சரியாக இருந்தது. கம்பெனியின் வரலாறு, எழுதப்பட்ட நாளிலிருந்து, முதன்முறையாக ஓர் உருப்படியான காரியம் செய்தது.

கைதட்டல் ஓய்ந்தது. தலைமையகத்து அம்மையார் எழுந்து வந்தார். யாரும் எதிர்பார்க்காத விதமாக அந்தக் கறுப்புக் கோட்டோடு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்தபோது விரல் நுனியில் எண்ணெய். ஏதோ கேட்டார்.

"பிரேக் வேலை செய்யலையான்னு கேக்கிறாங்க," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

பொது மேலாளர் தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டு முன்னே வந்தார். "இது எங்க வாடிக்கையாளருக்காகவே நாங்க சேர்த்த 'நிதான நிறுத்தம்'னு சொல்லும்மா."

அந்தப் பெண் விழித்தாள். "சார், நிதானம்கிறதுக்கு வார்த்தை இருக்கு. நிறுத்தம்கிறதுக்கும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தா அவங்க மொழியில அர்த்தமே வரல. அப்படின்னா என்ன?"

பொது மேலாளர் சரித்திரத்தைப் பார்த்தார். பணிமனைத் தலைவரும் பார்த்தார். காருக்குள்ளிருந்து அக்காவும் பார்த்தாள். ஜன்னல் திறக்கும் அறை, மாதச் சம்பளம், மகள் படிக்கும் பள்ளி எல்லாம் சரித்திரத்தின் கண்முன் வந்து போயின. 'விரிவான விளக்கம் பின்னர் அளிக்கப்படும்' என்ற வாக்கியம் தயாராக நுனிநாக்கில் நின்றது.

"வண்டி நிக்காதுன்னு அர்த்தம்," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னாள். ஜப்பானிய மொழியில் அது மிகவும் சிறிய வாக்கியமாக இருந்தது. அம்மையாரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காரின் கதவைத் திறந்து அக்காவின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். நிமிரவே நெடுநேரம் ஆயிற்று.

அந்த வாரமே புது மாடல் வண்டிகள் எல்லாம் திரும்ப அழைக்கப்பட்டு, இலவசமாக வளையம் மாற்றப்பட்டன. சரித்திரம் தன் மேசையைக் காலி செய்து, ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கூப்பிட்டு அனுப்பினார்கள். பொது மேலாளர் கையில் பத்திரிகை இருந்தது.

"பாத்தீங்களா? 'குறையைத் துணிந்து ஒப்புக்கொண்ட நிறுவனம்'னு தலையங்கமே எழுதிட்டான்! விற்பனை ஏறிடுச்சு. வெளிப்படைத்தன்மைக்கு எனக்கு விருது தர்றாங்க. நான் பேட்டியில சொல்லிட்டேன், நாங்க உண்மையை மறைச்சதே இல்ல, அதுக்கு நல்ல நாள் பார்த்துக்கிட்டிருந்தோம்னு. உங்க பிரிவுக்குப் பேரு மாத்தியாச்சு. இனிமே 'உண்மைப் பிரிவு'. ஆளு நீங்கதான்."

உண்மைப் பிரிவின் முதல் வேலை, அந்தச் 'சின்னச் சின்ன உரசல்'களில் பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்து, பழக்கூடை கொடுத்து, வரலாற்று நூலின் புதிய பதிப்புக்கு ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை வாங்கி வருவது. சரித்திரம் பழக்கூடையோடு போய் நின்ற முதல் வீட்டில் கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. திறந்தவர் தபால்காரர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே வந்த வண்டி அவரை மதிலோடு சேர்த்து 'உரசி'யிருந்தது.

சரித்திரம் கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தபால்காரரே வாங்கி ஓரமாக வைத்தார். கோபமே இல்லை. பத்திரிகை படித்திருப்பார் போல.

"உங்க கம்பெனிக்கு நல்ல பேரு கிடைச்சிருக்குன்னு போட்டிருந்தாங்க. சந்தோஷம்."

"நீங்க... ஒரு வார்த்தை சொன்னா..." சரித்திரம் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எனக்கும் ஒரு பேரு கிடைச்சிருக்கு சார். இந்தத் தெருவுல இப்ப என்னை 'நொண்டித் தபால்'னுதான் கூப்பிடுறாங்க." அக்குள் கட்டையை ஊன்றிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "வித்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கிறீங்களாமே. இந்தப் பேரும் நீங்க குடுத்ததுதான். எப்ப வந்து வாங்கிக்குவீங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."