பெட்டியில் வந்த வண்டி

நாலு சக்கரத்தில் இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. கோதண்டம் நான்கையும் முற்றத்தில் வரிசையாகப் படுக்கவைத்துக் கயிற்றால் அளந்தான். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அளந்தான்.

"ஒல்லாந்தருக்கும் தப்பு வரும் போலக் கீது," என்றான்.

அவன் மனைவி குப்பம்மா மீன் அரிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு எதுக்குய்யா இந்த வேலை? நீ படகு தைக்கிற ஆளு."

"அதனாலதான் எங்கிட்ட அனுப்பிக்கிறாங்க."

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. கோட்டைக்குப்பத்தில் சலங்கு கட்டுவதில் கோதண்டத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஆணியே இல்லாமல், பலகைக்குப் பலகை துளை போட்டு நார்க்கயிற்றால் தைக்கிற படகு அது. அலை அடித்தால் நெளியும், உடையாது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வரும் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலில் தள்ளி நிற்கும். அங்கிருந்து சாமான் இறக்குவதும் அங்கே சாமான் ஏற்றுவதும் அவனுடைய சலங்குதான். போன மாதம் கோட்டை வாசலில் நாலு பேர் காதுபட, "மரத்துல எதக் குடுத்தாலும் சேத்துக் குடுப்பேன்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் கடலில் இருந்தபோது கோட்டை ஆட்கள் ஆறு பெட்டிகளைச் சுமந்துவந்து முற்றத்தில் இறக்கினார்கள். "வெள்ளிக்கிழமை காலையில துரை கரைக்கு வராரு. துரை வண்டி தயாரா இருக்கணும்னு கோதண்டத்துகிட்ட சொல்லிடு" என்று குப்பம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். கோதண்டம் வந்து பெட்டிகளைப் பிரித்தான். சக்கரம், அச்சு, பலகை, தோல் வார், கண்ணாடி வைத்த கதவு. வண்டி இருந்தது. தயாராகத்தான் இல்லை.

நன்றாகச் செய்து கொடுத்தால் கோட்டைப் பட்டறையில் இடம் கிடைக்கலாம். செய்யாவிட்டால் சலங்கு வேலையும் கையை விட்டுப் போய்விடும். சக்கரம் வைத்த எதையும் அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. ஆகவே பொன்னேரிப் பக்கத்திலிருந்த சம்பந்தத்துக்குச் சொல்லி அனுப்பினான்.

சம்பந்தம் நெல் பயிரிடுகிறவன். கருவாட்டுக்கு நெல் மாற்றிக்கொள்ள வந்து ஏற்பட்ட சிநேகம். தன் மாட்டு வண்டியைத் தானே செய்தவன் என்பதால் வண்டிகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவன் எண்ணம். புதன்கிழமை காலையில் மாடுகளோடு வந்து சேர்ந்தான். சக்கரங்களைச் சுற்றி நடந்தான்.

"இது தப்பு இல்ல கோதண்டம். பெருசு ரெண்டும் ஒரு பக்கம், சின்னது ரெண்டும் ஒரு பக்கம்."

"எதுக்கு?"

"ஏரிக்கரை சரிவு இல்ல? தாழ்வான பக்கம் பெருசு வெச்சா வண்டி சமமாப் போவும். நம்ம ஊரப் பாத்துதான் செஞ்சுக்கிறாங்க."

"திரும்பி வரும்போது?"

சம்பந்தம் யோசித்தான். "தொரைதானே? வேற வழியா சுத்திக்கினு வருவாரு."

மத்தியானத்துக்குள் அப்படியே மாட்டினார்கள். சோதித்துப் பார்க்கக் குப்பம்மாவை உள்ளே உட்காரச் சொன்னார்கள். அவள் ஏறினாள், ஏறிய வேகத்திலேயே மறுபக்கக் கதவு வழியாகச் சறுக்கி, அரிந்து வைத்திருந்த மீன்மேல் இறங்கினாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"தொரையோட பழைய வண்டிய நான் முன்னமே பாத்துக்கிறேன். சின்னது ரெண்டும் முன்னால இருக்கும்," என்றாள்.

"அது பழசு. இது புதுசு," என்றான் கோதண்டம்.

சொன்னானே தவிர, மனம் கேட்கவில்லை. சம்பந்தம் கோட்டைக்குப் போய்ப் பழைய வண்டியை ஒரு பார்வை பார்த்துவர முயன்றான். காவல்காரன் வாசலிலேயே மடக்கிவிட்டான்.

"உள்ள ஒரே மூட்டையும் பெட்டியுமாக் கீதுப்பா. கால் வைக்க எடம் இல்ல," என்று சம்பந்தம் திரும்பி வந்து சொன்னான்.

"கப்பல் வந்துக்குது இல்ல. சாமான் வந்திருக்கும்," என்றான் கோதண்டம்.

சக்கரங்களைக் கழற்றிக் குப்பம்மா சொன்னபடியே மாற்றினார்கள். வண்டி நேராக நின்றது. இரண்டு பேரும் அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

அடுத்தது தோல் வார். வண்டியின் கூடு அந்த வார்களில் தொங்க வேண்டும் என்பது ஒருவழியாகப் புரிந்தது. தொங்கவிட்டதும் அது முன்னும் பின்னும் ஆடியது.

"ஆடுற வண்டி எனக்குப் புடிக்கல," என்றான் சம்பந்தம். "தொரை நாக்கக் கடிச்சிக்குவாரு."

கோதண்டத்துக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. ஆட்டத்தை நிறுத்துவது அவனுக்குத் தெரிந்த வேலை. துளையிடும் கருவியை எடுத்தான். கூட்டின் அடிப்பலகையில் எண்பது துளை, அச்சை ஒட்டிய மரத்தில் எண்பது துளை. நனைத்த நார்க்கயிற்றால் இழுத்து இழுத்துத் தைத்தான். வியாழக்கிழமை காலையில் கயிறு காய்ந்து இறுகியபோது வண்டி கல் மாதிரி நின்றது. திருகாணிகள் மட்டும் ஒரு கூடை மிச்சம்.

"இவ்ளோ மிச்சம் கீதே," என்றாள் குப்பம்மா.

"தாராளமா அனுப்பிக்கிறாங்க," என்றான் சம்பந்தம்.

கயிறு இறுகியதில் கதவு திறக்க மறுத்தது. கோதண்டம் கதவைக் கொஞ்சம் இழைத்தான். திறந்தது, ஆனால் மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினான். இழைத்த இடத்துக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"சம்பந்தம், இங்க சாயம் உரிஞ்சிக்கீது பாரு. புதுசு மாதிரி இல்லியே."

"ஆறு மாசம் கப்பல்ல உப்புக் காத்து பட்டா ஒனக்கும் உரியும்."

பிறகு மாடு பூட்டிப் பார்த்தார்கள். முன்னால் நீண்டிருந்த மரம் குதிரைக்காகச் செய்தது. சம்பந்தத்தின் நுகத்தடி அதில் உட்காரவில்லை. இரண்டு முழம் அறுத்துவிட்டு நுகத்தடியைக் கட்டினார்கள். மாடுகள் ஒரு இழுப்பு இழுத்தன. வண்டி சத்தமே இல்லாமல் உருண்டு முற்றத்து வாசலில் போய் இடித்து நின்றது.

வாசல் நாலு முழம். வண்டி ஆறு முழம்.

கோதண்டம் கயிற்றை எடுத்து வாசலை இன்னொரு தடவை அளந்தான்.

"கழட்டி வெளிய எடுத்துப் போயி மாட்டலாமா?" என்றான் சம்பந்தம்.

கோதண்டம் தன் எண்பது தையலையும் பார்த்தான். "செவுத்த இடிக்கலாம்," என்றான்.

"எந்தச் செவுத்த?" என்றாள் குப்பம்மா.

வாசலை ஒட்டிய மண்சுவர் அது. இடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. அடுப்படிக் கூரையைத் தாங்குவதும் அதே சுவர்தான் என்பது கூரை சரிந்து தரையில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. சாயங்காலம் மழையும் பிடித்துக்கொண்டது. நனையாத இடம் வண்டி ஒன்றுதான். குப்பம்மா அரிசிப் பானையையும் புளிச்சட்டியையும் கருவாட்டுக் கூடையையும் தூக்கித் துரை உட்காரும் மெத்தையில் வரிசையாக வைத்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கோதண்டத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணே, நீங்க ஊருக்கு எப்ப போறீங்க?" என்று சம்பந்தத்தை மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு, தங்கச்சி."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. பானைகளை இறக்கி, கருவாட்டு வாசம் போக மெத்தையை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, வண்டியைக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஈர மணலில் அது அழகாகவே போனது. கோதண்டம் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றான். குப்பத்து ஜனங்கள் எட்ட நின்று பார்த்தார்கள். மூன்று நாள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நாழிகையில் அவனுக்கு மறந்துவிட்டது. பட்டறையில் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சுவரைக் கட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கோட்டைப் பக்கமிருந்து பெரிய தச்சன் நீலமேகம் ஏழு ஆட்களோடு வந்தான். துரை வருவதற்கு முன்னால் சரிபார்க்க வந்திருக்கிறான் என்று சம்பந்தம் கோதண்டத்தின் காதில் சொன்னான். நீலமேகம் வண்டியைக் கண்டதும் நின்றான். பிறகு மெதுவாக நடந்து வந்து அதை ஒருமுறை சுற்றினான். கயிற்றுத் தையலை விரலால் தொட்டான். அறுத்த மரத்தை முகர்ந்தான். கதவைக் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் பார்த்து விட்டுவிட்டான். மற்ற ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணே நாளு," என்றான் கோதண்டம், அடக்கமாக. "எப்டிக் கீது?"

நீலமேகம் ஈர மணலில் உட்கார்ந்தான். எதிரே, கடலில், கப்பல் பாயை விரித்துக்கொண்டிருந்தது.

"தொரை நாகப்பட்டினத்துக்குக் குடி மாறிப் போறாரு, கோதண்டம்," என்றான். "நீ கப்பல்ல ஏத்தறதுக்குத் தோதா இருக்கட்டும்னுதான் இந்த வண்டிய நாங்க எட்டு பேரு பன்னெண்டு நாளு ஒக்காந்து கழட்டுனோம்."