காத்தண்ணன் பூட்டிய ஓவன்

உலகத்தில் நடக்கிற அத்தனை கெடுதலுக்கும் காற்று சரியாகப் போகாததுதான் காரணம் என்று அடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் பொகவந்தலாவைப் பக்கம்தான் இருந்தார். தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டையா? "சன்னல் சின்னது." பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதா? "கடைசி பெஞ்சுல காத்து ஏது?" கல்யாண வீட்டில் வடையைக் குவித்து வைத்திருந்தால், கேட்காமலே ஒவ்வொன்றாகப் பரப்பி வைப்பார். "குவிச்சா வேர்க்கும்." ஹட்டன் பஸ்ஸில் ஏறினால், நிற்கிறவர்களை ஒரு முழம் தள்ளித் தள்ளி நிற்கச் சொல்வார். ஒருநாள் கண்டக்டர் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, நீங்க எறங்கி நடந்தா உங்களுக்கும் காத்து, எங்களுக்கும் எடம்" என்றான். இவர் யோசித்துப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தே வந்தார். கோபமில்லை. சொன்னது நியாயமாகப் பட்டதாம்.

பெயர் என்னவோ இருந்தது. எல்லோருக்கும் அவர் காத்தண்ணன்.

பதினெட்டு வருஷம் ஸ்டோரில் டிரையர் வேலை பார்த்தவர். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை. அரைத்த கொழுந்தைச் சூட்டுக் காற்றில் காயவைத்துத் தூளாக்குகிற பெரிய இயந்திரம்தான் டிரையர். ஸ்டோரை மூடிக் கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கியதும், அவர் நான் வேலை செய்த பங்களாவுக்கு வந்து சேர்ந்தார். முன்பு துரைமார் இருந்த பங்களா, இப்போது கொழும்புக்காரர்கள் லீவுக்கு வந்து தங்குகிற இடம். குளிக்கிற சுடுதண்ணீருக்கு விறகு வைப்பது அவர் வேலை, சமையல் என் வேலை. எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவள் நான். இந்தச் சமையலறை போனால் மறுபடி கொழுந்துக் கூடைதான். என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அப்படியிருக்க, மெனேஜர் மாத்தையா ஒரு புது ஓவன் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே ஃபேன் சுற்றிச் சூட்டை எல்லாப் பக்கமும் விரட்டுகிற வகை.

பழைய ஓவனில் வைத்த அதே சூட்டில், கொப்பியில் எழுதியிருந்தபடி நூற்றியெண்பதில், பட்டர் கேக் வைத்தேன். வெளியே தார் ரோடு, உள்ளே கூழ். இரண்டாவது கேக்குக்குக் கருகிவிடுமோ என்ற பயத்தில் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். பதினொரு தடவை இருக்கும். நடுவில் குளம் மாதிரி அமுங்கி வந்தது.

மாத்தையா திட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினார். என்னை 'நங்கி' என்பார், சிங்களத்தில் தங்கச்சி.

"நங்கி, சனிக்கிழம இருவது பேர் வாறாங்க. பெரியவருக்கு அறுவதாவது பேர்த்டே. இந்த முறையும் கேக் சரி வராட்டி, நுவரெலியாவுல ஒரு பையன் இருக்கான், கூப்பிடுவேன். கோவிக்க வேணாம்."

கூப்பிட்ட பையன் திரும்பிப் போகமாட்டான் என்று எனக்குத் தெரியாதா.

அந்த நேரம்தான் காத்தண்ணன் விறகுக் கட்டோடு உள்ளே வந்தார். ஓவன் சத்தத்தைக் கேட்டதும் கட்டை அப்படியே கீழே போட்டார்.

"இது என்னா தங்கச்சி?"

"ஓவன்ணே."

"உள்ள ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"சூட்டுக் காத்த அடிக்குதா?"

"அடிக்குது."

"அப்ப இது டிரையரு. நீ இத அடுப்புன்னு நெனச்சி வேல செய்யிற."

அன்றிலிருந்து என் சமையலறை அவருடையதாகிவிட்டது. கழுவச் சோம்பல்பட்டு நான் கம்பித் தட்டில் விரித்திருந்த அலுமினியத் தாளை உருவி எறிந்தார். "மூக்கப் பொத்திட்டு மூச்சு விடுன்னா எப்பிடி விடும்?" ஓவனுக்குள் இருந்த பல்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெளிச்சம் எதுக்கு? டிரையருக்குள்ள நாங்க எட்டியா பாத்தோம்?" மறுநாள் காலையில் வந்தால், மாத்தையா புதிதாக வாங்கிய ஆழமான மூன்று கேக் தட்டுகளின் விளிம்பையும் தகரம் வெட்டுகிற கத்தரியால் பாதிக்கு வெட்டி, ஓரத்தை மடித்துத் தட்டி வைத்திருக்கிறார். என் உயிரில் பாதி அங்கேயே போனது.

"அண்ணே, என்னா செஞ்சி வச்சிருக்கீங்க? மாத்தையா பாத்தா?"

"சுவர் ஒசரமா இருந்தா காத்து மேலாலயே போயிரும். மாவக் குவிக்காத, மெல்லிசா மூணு தட்டுல ஊத்து. வெந்ததும் ஜாம் தடவி அடுக்கிக்க. சூட்டுல இருவது கொறை. சும்மா நிக்கிற சூட்ட விட காத்தோட வர்ற சூடு பொல்லாதது. தட்டுக்குத் தட்டு எடம் விடு."

"பஸ்ஸுல மாதிரியா?"

"பஸ்ஸுல யாரு கேக்குறா."

சனிக்கிழமை வந்தது, தூறலோடு. வெறும் ஓவனை முதலில் நன்றாகச் சூடேற்ற வைத்தார் காத்தண்ணன். நூற்றியறுபது. மூன்று தட்டையும் இடம் விட்டு வைத்துக் கதவைச் சாத்தினேன். சாத்திய கை கைப்பிடியிலேயே இருந்தது. அதைக் காத்தண்ணன் பார்த்துவிட்டார்.

நேரே வெளியே போனார். பங்களா நாய் ஜிம்மியின் சங்கிலியோடு வந்தார். கைப்பிடியில் விட்டு, ஓவன் ஸ்டாண்டின் கம்பியோடு சேர்த்து இழுத்து, விறகுக் கொட்டிலின் பூட்டைப் போட்டுப் பூட்டினார்.

"அண்ணே!"

"நீ பயந்தவ. பயந்தவங்க கதவத் தொறப்பாங்க. தொறந்தா காத்து ஓடிரும், கேக்கு உக்காந்துரும்."

சாவியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஜிம்மியும் வாலை ஆட்டிக்கொண்டு போனது.

பத்து நிமிஷம் பொறுத்தேன். இருபதாவது நிமிஷம் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன், இருட்டு. இருபத்தைந்தில் பாய்லர் பக்கம் ஓடினேன், ஆளில்லை. விறகுக் கொட்டிலிலும் இல்லை. வாசலில் கொழும்பு வேன் ஒன்று வந்து நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. சுவிட்சை அணைக்கலாம்தான். வேகாமல் போய்விட்டால்? அணைக்காமல் கருகிவிட்டால்? சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். ஜிம்மி பலமுள்ள நாய், அதற்கேற்ற சங்கிலி.

மாத்தையா கதவில் தலையை நீட்டினார். சங்கிலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நங்கி, கேக்கு ஓடிப் போகுமா?"

அந்த நேரம் பின்கதவு படாரென்று திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூக்கு நுனி சிவந்து, காத்தண்ணன்.

"தள்ளுங்க, தள்ளுங்க. மணம் மாறிருச்சி."

பூட்டைத் திறந்தார். மூன்று தட்டும் ஒரே நிறம், நல்ல பொன்னிறம். குளமில்லை, மேடில்லை. ஈர்க்குச்சியால் குத்தினேன், ஒட்டாமல் வந்தது. இன்னொரு தட்டிலும் குத்தினேன். அப்புறம்தான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக நெஞ்சுக்குள்ளேயே கிடந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"எங்கண்ணே போனீங்க?"

"எங்க போறது? சமயக்கட்டுக்குப் பின்னாலதான். உன் ஓவன் மணம் பூரா அந்தப் பொகை ஃபேன் ஓட்டையாலதான வருது. அதுக்குக் கீழ நின்னேன். ஸ்டோர்லயும் மூக்குதான் மணிக்கூடு."

அந்தக் குளிரில், தூறலில், முப்பத்திரண்டு நிமிஷம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அறுபது வயதுப் பெரியவர் கேக்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மாத்தையா மூன்று துண்டு சாப்பிட்டார். நுவரெலியாப் பையனைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வெட்டின தட்டுகளை மட்டும் ஒருநாள் தூக்கிப் பார்த்து, "இது எங்க வாங்கினது, நல்லா இருக்கு" என்றார். நான் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கூட்டிவிட்டேன். காத்தண்ணன் கேக்கைத் தொடவேயில்லை. மாவுப் பண்டம் வயிற்றில் காற்றை அடைக்குமாம்.

போன வருஷம் அவருக்குத் தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோரில் மறுபடி டிரையர் வேலை கிடைத்தது. சந்தோஷமாகத்தான் போனார். சங்கிலி ஜிம்மியிடம் திரும்பிவிட்டது. கேக் வேகிறபோது என் கை இன்னும் கைப்பிடிக்குப் போகத்தான் பார்க்கிறது. அப்போதெல்லாம் பின்னால் போய், அந்தப் புகை ஃபேன் ஓட்டைக்குக் கீழே நின்றுகொள்கிறேன். கால் சேறாகாமல் இருக்க அவர் அங்கே ஒரு சிமெந்துக் கல்லைப் போட்டு வைத்திருக்கிறார். தாராளமாக இரண்டு பேர் நிற்கலாம். நான் எப்போதும் ஒரு ஓரமாகவே நிற்கிறேன்.