கேட்பாரற்ற ஒன்பது மஞ்சள் உறைகள்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் மிகுந்த பணிவோடும் சற்றே நொண்டியும் எழுதிக்கொள்வது.

வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அதில் என் இரண்டு முழங்கால்களையும் வலது தோளையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஓட்டக் காலணி பத்திரமாக வந்து சேர்ந்தது. அளவும் கச்சிதம். அதைப் போட்டுக்கொண்டு தங்கை முதலாவதாக வந்தாளா என்று கேட்டிருந்தீர்கள். வந்தாள். ஆனால் ஒன்பதாவதாகத்தான் முடித்தாள். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் நான்.

அவள் என்னோடு பேசி இன்றோடு பத்து நாள் ஆகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே ஒரு நடை வந்து சமாதானம் பண்ணிவைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவள் ஓடிய ஓட்டமெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். மைதானத்து ஓரத்தில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். அவள் ஓட வேண்டிய கடைசிப் போட்டி நடந்த அதே நாளில் எங்கள் கல்யாணத்தை வைத்தவரும் நீங்கள். மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த குற்றவாளி நான். இருபத்தேழு வருஷமாக அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. இப்போது அவள் துணிக்கிடங்கு பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் பணியாளர் சங்கம் குடும்பத்தோடு ஓடும் புதிர் ஓட்டம் ஒன்றை அறிவித்ததும், அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "எனக்குத் தாண்டாத கோடு ஒண்ணு பாக்கி இருக்குங்க. இந்தத் தடவையாவது தாண்டிடறேன்" என்றாள். தட்டை நகர்த்திவைத்தேன். சரி என்று கையெழுத்துப் போட்டேன். பேருந்துக்குக்கூட ஓடாத மனுஷன் நான். இந்தப் பேருந்து போனால் அடுத்தது வரும் என்று நிதானமாக நின்றே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது.

அணிக்கு மூன்று பேர். உங்கள் தங்கை, நான், பிறகு லீவுக்கு விடுதியிலிருந்து வந்திருந்த எங்கள் சின்னவள். மொத்தம் ஒன்பது அணி. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பம், ஊரைச் சுற்றி ஐந்து இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சோதனை, முடித்தால் அடுத்த இடத்துக்குத் துப்பு, கடைசித் துப்போடு வந்து தாண்ட அதே வாசலில் சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு. விதிமுறை இவ்வளவுதான். இதில் ஒரு மனிதன் எப்படி நாசம் பண்ண முடியும் என்று நீங்கள் கேட்கலாம். கடவுள் சிலருக்குத்தான் அந்தத் திறமையைக் கொடுத்திருக்கிறார்.

அன்று விடியற்காலை ஒரு காரியம் செய்தேன். அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் வெயில் தொப்பியை அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் நான் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது, ஆனால் சாவி என்னிடம்தானே இருக்கிறது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், காத்திருப்போர் கூடத்தில் மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே மஞ்சள் உறைகள், ஒன்பது. பெயரில்லை, முகவரியில்லை, கேட்க ஆளில்லை. வேறொருவன் என்றால் நமக்கென்ன என்று போயிருப்பான். நான் திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, பதிவேட்டில் ஏற்றி, பைக்குச் சீட்டுக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டி, அதே கையோடு கழிவறை வாசலில் கிடந்த குடை ஒன்றையும் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கடமையை முடித்துவிட்டால் எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் மறந்துவிடும். அது ஒரு பழக்கம்.

ஏழு மணிக்கு ஊதல் ஊதினார்கள். முதல் சோதனை, கண்ணைக் கட்டிக்கொண்டு இருபது தலையணைக்கு உறை போட வேண்டும். மற்றவர்கள் தலையணையின் வாய் எது வயிறு எது என்று தடவிக்கொண்டிருக்கையில் உங்கள் தங்கை இருபதையும் முடித்து அடுக்கியும் வைத்துவிட்டாள். நான் போட்டது ஒன்று. அதையும் அவள் பிரித்துத் திருப்பிப் போட்டாள். இரண்டாவது, ஆறு மாடிக் கட்டடத்தில் படிகள் எத்தனை என்று எண்ணிவர வேண்டும். எண்ணுவதெல்லாம் என் துறை என்று மார்தட்டிக்கொண்டு ஏறினேன். நாலாவது மாடியில் ஒருவர் வணக்கம் சார் என்றார். நானும் வணக்கம் என்றேன். எண் போய்விட்டது. கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை ஏறப் போகையில் சின்னவள் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, ஒரு மாடிக்கு இருபத்திரண்டு. ஆறால பெருக்கியாச்சு. குடுத்தாச்சு. அம்மா அடுத்த தெருவுல நிக்கிறாங்க" என்றாள். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்களேப்பா" என்றாள். பெற்ற பெண்ணுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, என் முழங்காலுக்கு ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை.

மூன்றாவது, மூன்று பேர் காலையும் சேர்த்துக் கட்டிக் கடைத்தெருவை நடந்து கடக்க வேண்டும். மூன்று பேருக்கு நாலு கால். நடுவில் நான். அவர்கள் இருவரும் இடது என்றால் நான் மட்டும் வலது. ஒரு மெத்தைக் கடை வாசலில் மூவருமாக விழுந்தோம். விழுந்த இடம் நல்ல இடம். இரண்டு நிமிஷம் இப்படியே படுத்திருப்போமா என்று கேட்டேன், உங்கள் தங்கை பார்த்த பார்வையில் நானே கட்டிய கால்களை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நாலாவது இடத்தில் படத்துண்டுகளைச் சேர்த்தோம். சேர்த்தால் எங்கள் பேருந்து நிலையம், மூன்றாவது பெஞ்சில் அம்புக்குறி. அப்போது எங்களுக்குப் பின்னால் இருந்த அணி இருபது நிமிஷம் பின்தங்கியிருந்தது. மச்சான், அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணின் முகம் அது. கல்யாணத்தன்றுகூட எனக்கு அது காட்டப்படவில்லை.

மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் ஒன்றுமில்லை. துப்பு என்றால் என்ன, எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை எல்லா இடத்திலும் ஆள் நின்று வாயால் சொன்னார்கள், அல்லது படத்தைக் கையில் கொடுத்தார்கள். இங்கே ஆளும் இல்லை, பொருளும் இல்லை. நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்து இருபத்தேழு பேரும் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்தோம். இது என் இடம் என்பதால் தலைமையை நான் ஏற்றேன். வரிசை பிரித்துக் கொடுத்தேன். தேடுவது எப்படி என்று வகுப்பு எடுத்தேன். ஒரு பெஞ்சின் மேலேறி நின்று, பொதுஇடத்தில் கேட்பாரற்று ஒரு பொருளை வைத்தால் எவனாவது பொறுப்பில்லாத பயல் தூக்கிக்கொண்டு போகத்தான் செய்வான், அவன் உருப்படுவானா என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் கண்கலங்க என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சங்கச் செயலாளர் மூச்சுவாங்க வந்தார். "காலைல அஞ்சு மணிக்கு நானே வந்து கட்டித் தொங்கவிட்டேன் சார். ஒரு துணிப்பை. உள்ளே ஒம்பது மஞ்சக் கவரு" என்றார்.

என் கை தானாகச் சட்டைப்பையில் சாவியைத் தொட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் தங்கை கையில் திணித்திருக்கலாம். அப்படி ஒரு எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, இரண்டு தடவை வந்தது. பிறகு இந்தப் பாழாய்ப்போன பத்தொன்பது வருஷம் வந்து குறுக்கே நின்றது. பெஞ்சின் மேல் நின்றபடியே, "அந்தப் பயல் நான்தான்" என்றேன். யாரும் கைதட்டவில்லை.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அலுவலகத்தைத் திறந்தேன். திறந்தால் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் நான் வேறு ஆள் ஆகிவிடுவேன், என் கையில் இல்லை அது. படிவத்தை எடுத்துச் செயலாளரிடம் நீட்டி, "உங்களுடையதுதான்னு அடையாளம் சொல்லணும். உள்ளே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லிட்டா போட்டியே முடிஞ்சு போச்சே சார்."

"காதுல சொல்லுங்க."

சொன்னார். எழுதிக்கொண்டேன். அணிக்கு ஒரு உறை என்பதால் ஒன்பது படிவம், ஒன்பது கையெழுத்து. வரிசையில் முதலாவதாக உங்கள் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் என் கையெழுத்திலேயே ஓர் அறிவிப்பு: ஊழியரின் உறவினர்களுக்கு மற்ற அனைவருக்கும் பிறகே பொருள் வழங்கப்படும். நானே எழுதி நானே ஒட்டியது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவளும் திரும்பிப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். மச்சான், இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

ஒன்பதாவது உறையை வாங்கியதும் அவளும் சின்னவளும் ஓடினார்கள். நான் பூட்டிவிட்டு வருகிறேன் என்றேன். பதிவேட்டை அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா. பிறகு நடந்ததைச் சின்னவள் அன்று மாலை விடுதிக்குப் பேருந்து ஏறும் முன் சொன்னாள்: எட்டு அணியையும் தாண்டிவிட்டாளாம். கடைசித் தெருவில் ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் தாண்டிக் கோட்டை ஒட்டி, தாண்டாமல் நின்றுவிட்டாளாம். அணி முழுவதும் சேர்ந்து தாண்டினால்தான் கணக்கு. அங்கேயே நின்று "என்னங்க, என்னங்க" என்று கத்தியிருக்கிறாள். தெருவில் போன நாலைந்து கணவன்மார்கள் திரும்பிப் பார்த்தார்களாம். உரியவன் வரவில்லை. அவள் காலணி நுனி கோட்டைத் தொட்டபடி இருக்க, எட்டு அணியும் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. நான் நாற்பது நிமிஷம் கழித்து வந்தேன். வழியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் என் மற்றக் கையைப் பிடித்தாள். தாண்டினோம்.

அன்றிலிருந்து பேச்சில்லை. காலையில் எழுந்தால் வெந்நீர் மட்டும் குடிக்கிறாள். முதல் நாள் என்னைப் பார்த்துத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். கழுத்தறுத்துவிட்டீர்களே என்று புரிந்துகொண்டு தலையைக் குனிந்தேன். பரிகாரமாகப் பாத்திரமெல்லாம் நான்தான் கழுவுகிறேன், துணி மடிக்கிறேன், வீடு துடைக்கிறேன். அதைப் பார்த்துச் சில சமயம் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். அந்தச் சிரிப்பு கோபத்தைவிடப் பயமாக இருக்கிறது. சின்னவளுக்குப் பரீட்சை, அவளிடம் கேட்க வெட்கம். ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, இந்த மனுஷன் முட்டாளே தவிரக் கெட்டவன் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். இனி ஆயுசுக்கும் எந்தப் போட்டியிலும் கால் வைக்கமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும் குறைவில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கோட்டருகே நிறுத்தியவன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு உறை தேடி என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். வீட்டில் உரிமையாளர் தெரியாமல் கிடக்கும் பொருள்களை அங்கேதான் போட்டு, ஒரு நோட்டில் எண் கொடுத்து எழுதி வைப்பேன். அதில் முப்பத்தொன்றாம் எண்: மடித்த தாள், சாப்பாட்டு மேசை, பெயர் இல்லை. ஓட்டத்துக்கு மறுநாள் தேதி. பிரித்துப் பார்த்தேன். உங்கள் தங்கையின் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"என்னங்க, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. பத்து நாள் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கோபம்னு நெனச்சுக்காதீங்க. அன்னிக்குக் கோட்டுக்கிட்ட நடுவர் என் காதோட, ரெண்டு பேர் தாண்டினாப் போதும், போங்கம்மான்னார். நான்தான் இருக்கட்டும்னேன். மொதத் தடவ உங்களாலதான் ஓட்டம் நின்னுது. இந்தத் தடவ யாரும் நிறுத்தல, நானா நின்னேன். ரெண்டும் ஒண்ணில்ல. அடுத்த மாசம் ரெண்டு பேரா ஓடுற போட்டி ஒண்ணு இருக்கு, நம்ம பேரக் குடுத்துட்டேன். இதப் படிச்சதும் கிழிச்சுப் போடுங்க, தயவுசெஞ்சு எங்கயும் பதிவு பண்ணாதீங்க."

ஆகவே மச்சான், மேலே எழுதியதெல்லாம் ரத்து. பக்க எண் போட்டுவிட்டதால் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம், எனக்கும் ஒரு ஜோடி ஓட்டக் காலணி அனுப்பினால் போதும், அளவு ஒன்பது. அடுப்படியிலிருந்து கரகரவென்று ஒரு குரல் "என்னங்க" என்கிறது. பதிவேடு திறந்தபடியே கிடக்கிறது, கிடக்கட்டும். நான் ஓடுகிறேன்.