ஐம்பதுக்கு முப்பத்து நான்கு

தங்கா பத்து, மலாக்கா.
14.9.1996, சனிக்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மச்சான் அப்புசாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் நாகமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கோலா சுங்கை பாருவில் தாங்களும், மீனம்மா அக்காவும், மளிகைக் கடையும், கடையில் உள்ள சரக்கும் ஒரு குறையுமில்லாமல் இருக்க சன்னாசிமலை ஆண்டவரை வேண்டுகிறேன். இவ்விடம் ராஜம்மா நலம், மோட்டார் நலம், வாசலில் போட்ட வெண்டைச் செடிகூட நலம். மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன் போட்டுச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போன் ஹாலில் இருக்கிறது மச்சான். ஹாலில் உங்கள் தங்கை இருக்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காலேஜ் வேலை போகப்போகிறது. போன வருஷம் நான் பென்சனில் வந்தபோது, "வீட்டுல சும்மா உக்காந்து என்ன செய்யப் போறீங்க, நம்ம கடையில ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன், வந்து உக்காருங்க" என்று சொன்னீர்கள், நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஸ்டூல் இன்னும் இருக்கிறதா? விஷயம் உங்கள் தங்கைக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வேலையில்லாமல் நான் வீட்டில் இருந்த அந்த ஆறு மாசத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. அப்படி நான் என்ன குற்றம் செய்துவிட்டேன்? முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் கை சும்மா இருக்குமா? ஐஸ்பெட்டி மேல் ஒரு டைம்டேபிள் ஒட்டினேன். பசாரில் சாமான் வாங்க அவள் எழுதிவைத்த சீட்டைச் சிவப்புப் பேனாவில் திருத்திக் கொடுத்தேன். ஒரு நாள் சாம்பாருக்குப் பத்துக்கு ஆறரை போட்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்து, "ஆறரை பாஸ்தானே, இதுக்கு ஏன் கோபம்?" என்றுதான் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, ஒண்ணு நீங்க வேலைக்குப் போங்க, இல்லாட்டி நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில் தெய்வமாகப் பார்த்து ஜெயமணியைப் போன் செய்ய வைத்தது. புக்கிட் ரம்பாய் லாரி டிரைவர் முனுசாமியின் மகள். மூன்றாம் பார வகுப்பில் என்னிடம் படித்தவள், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து ஒரு வாரம் பெஞ்சு மேல் நின்றவள். இப்போது டவுனில் ஒரு தனியார் பன்னாட்டுக் கல்லூரிக்கு அவள்தான் தலைவி. "சார், கணக்குக்கு ஆள் வேணும் சார், வந்துருங்க" என்றாள். பன்னாட்டுக் கல்லூரி என்றதும் நான் பெரிய கட்டடமாக நினைத்துப் போனேன். மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு மாடி. ஆபீஸ் சுவரில் நாலு கடிகாரம், லண்டன், சிட்னி, நியூயார்க், மலாக்கா. மூன்று ஊரிலும் நேரம் ஓடுகிறது, மலாக்கா மட்டும் ஒன்பதே காலில் நின்றுபோய்விட்டது. நாங்கள் லண்டனைப் பார்த்துக் கூட்டிக் கழித்து வகுப்புக்குப் போகிறோம். கழுத்தில் டை கட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் ஏறினால் அந்த டை பறந்து வந்து மூஞ்சியில் அறைகிறது. ஒரு நாள் கண்ணை மறைத்து, சிக்னலில் நிற்காமல் போய், போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். அவரும் என் பழைய மாணவர். அபராதச் சூராட்டை எழுதிவிட்டுத்தான் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். வகுப்பு வாசலில் போய் நின்றேன். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்ன பிறகுதானே வாத்தியார் உள்ளே போவது? ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நானும் விடவில்லை, நின்றேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. மாலத்தீவிலிருந்து வந்த ஜாஹிர் என்ற பையன் இரக்கப்பட்டு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "உட்காருங்க அங்கிள், வாத்தியார் இன்னும் வரல" என்றான். அப்படி ஆரம்பித்த வகுப்பு மச்சான் அது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பாடத்துக்கு நடுவில் பிஸ்கட் தின்கிறார்கள், எனக்கும் ஒன்று நீட்டுகிறார்கள். முதல் மாசம் வாங்கமாட்டேன் என்றேன். இரண்டாம் மாசம் வாங்கினேன். இப்போது வியாழக்கிழமை பிஸ்கட் வராவிட்டால் எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. காலையில் டை கட்டும்போது கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறேன் என்று உங்கள் தங்கையே சொல்கிறாள்.

இனிமேல்தான் என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை. இந்தக் காலேஜில் வாத்தியாருக்குப் பிள்ளைகள் மார்க் போடுவார்கள். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க், ஐம்பதுக்குச் சராசரி முப்பத்தைந்து வந்தால்தான் அடுத்த வருஷம் வேலை. கிளார்க் மலர்க்கொடி ஒரு உறையில் இருபத்தேழு மார்க் பாரம் வைத்து, "கிளாஸ்ல கொடுத்துருங்க சார்" என்றாள். கொடுத்தேன். கேள்வித்தாளின் மேலே இருக்கும் குறிப்பைப் படிக்காமல் எழுதாதே என்று முப்பத்து மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தியவன், அந்த உறையின் மேல் இருந்த குறிப்பைப் படிக்கவில்லை. வாத்தியார் வெளியே போய்விட வேண்டுமாம், மாணவர் யாராவது உறையை ஒட்டி ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். நானோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்தேன். "பக்கத்துல பாக்காத! சொந்தமா எழுது!" என்று இரண்டு பேரை இடம் மாற்றியும் உட்கார வைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். பாரங்களைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாயங்காலம் தேத்தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன், முன்னால் இருபத்தேழு தாள், பக்கத்தில் சிவப்புப் பேனா. சாமி சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், கை தானாகப் போயிற்று. "வாத்தியார் தெளிவாக விளக்குகிறாரா?" என்ற கேள்விக்கு ஒருத்தி மூன்று போட்டிருந்தாள். 'காரணம் எங்கே? வழிமுறை காட்டு' என்று பக்கத்தில் எழுதினேன். கீழே மொத்தம் என்று ஒரு கட்டம். பதினோரு பேர் தப்பாகக் கூட்டியிருந்தார்கள்! அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை, கோபம்தான் வந்தது. அடித்துத் திருத்தினேன். திருத்தி முடித்துப் பார்த்தால், பெரும்பாலும் எனக்குக் கூடுதலாகப் போட்டுத்தான் தப்பு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் கணக்குப்படி சராசரி முப்பத்தாறு, பாஸ். என் திருத்தலுக்குப் பிறகு முப்பத்து நான்கு, பெயில். என்ன செய்வது, கணக்கு கணக்குதானே மச்சான்.

மறுநாள் வகுப்பில் ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஜாஹிருக்கு அலட்சியம் என்று எழுதிப் பத்துக்கு நான்கு போட்டிருந்தேன். புக்கிட் ரம்பாய் பையன் யுகேந்திரன் எழுந்து நின்றான், ஆறு மாசத்தில் முதல் தடவையாக ஒருத்தன் எழுந்து நின்றான். "சார், இது பேர் எழுதாத பாரம் லா சார், நான்தான்னு எப்படி சார் தெரிஞ்சது?" என்றான். "டேய், நீ எழுதுற ஏழாம் நம்பரைப் பார்த்தாலே தெரியும்டா" என்றேன், பெருமையாக.

அரை மணி நேரத்தில் ஜெயமணி கூப்பிட்டாள். நான் உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள். நான் உட்காராமல் அவள் உட்காரமாட்டாள், அவள் தலைவி என்பதால் நானும் உட்காரவில்லை. நின்றுகொண்டே திட்டினாள். "எப்படி சார் இப்படி செஞ்சீங்க? கோலாலம்பூர் ஆபீசுக்கு நான் என்ன சார் பதில் சொல்றது?" கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. எனக்கும்தான். எல்லாம் செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. நேற்று மலர்க்கொடி புதுப் பாரங்களோடு வகுப்புக்குள் போனாள், நான் வராந்தாவில் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பத்தொன்பது பேருக்கு அலட்சியம் என்று எழுதியவனை இந்தப் பிள்ளைகள் சும்மா விடுமா? செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வார்கள். அதை நான் சொல்லட்டுமா, பெயில்.

ஆகவே புதன்கிழமை முதல் பஸ்சில் வந்து இறங்குகிறேன். உங்கள் தங்கையிடம், கடையில் உதவிக்கு ஆள் இல்லாமல் நீங்கள் தவிப்பதாகவும், நீங்கள்தான் என்னைக் கெஞ்சிக் கூப்பிட்டதாகவும் சொல்ல வேண்டும். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன், எதையும் திருத்தமாட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வியாபாரமும் வீடும் மேலும் மேலும் செழிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டூலை நம்பியிருக்கும்
நாகமுத்து.

பி.கு. 17.9.1996, செவ்வாய். மச்சான், மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். நாற்பத்து மூன்று! இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஜெயமணி தாள்களைக் காட்டினாள். இருபத்தேழு பேரும் ஓரத்தில் வழிமுறை காட்டிக் கூட்டியிருக்கிறார்கள், ஒரு தப்பு கிடையாது. ஜாஹிர், அவன் எழுதும் எட்டை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன், கீழே இப்படி எழுதியிருக்கிறான்: 'ஒவ்வொரு தவணையும் இந்தப் பாரத்தை எழுதுகிறோம். கடைசிவரைக்கும் படித்தவர் இவர் ஒருத்தர்தான்.' டை, கண்ணைத் துடைப்பதற்கும் உதவுகிறது.

இன்னொன்று. ஸ்டாம்பு இல்லாமல் இந்தக் கடிதம் மூன்று நாளாக என் சட்டைப் பையில் இருந்தது. இன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐஸ்பெட்டி மேல், டைம்டேபிள் மேலேயே ஒட்டியிருக்கிறது. ஓரங்களில் நீங்கள் பார்க்கும் சிவப்பு மை என்னுடையதல்ல. 'தெரியவும் கூடாது' என்ற இடத்தில் 'தெரியும்' என்று எழுதியிருக்கிறாள். 'என்ன குற்றம் செய்துவிட்டேன்' என்ற இடத்தில் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டு ஏழு எழுதியிருக்கிறாள். கடைசியில் பத்துக்கு ஆறரை போட்டு வட்டம் கட்டியிருக்கிறாள். இது என்ன மார்க் என்று கேட்க அடுப்படிக்குப் போனேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆறரை பாஸ்தானே, இதுக்கு ஏன் கோபம்?" என்கிறாள்.