லஸ்கர் வீட்டு முறைப்பாசனம்

காவிரியையே வரிசையில் நிற்க வைத்த மனிதர் யார் என்று பூதலூரில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கையும் லஸ்கர் வீட்டைக் காட்டும். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

அவருக்குக் காது மந்தமாகி, போனில் பேசுவது நின்றுபோனதால், மஸ்கட்டிலிருக்கும் மகன், கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். மாலையில் அதிலேயே அப்பாவைக் கூப்பிடுவான். அந்தச் சத்தத்தைத் தெருவே கேட்டது, தெருவே கூடியது. ஒருவருக்கு மழை வருமா என்று தெரியவேண்டும். இன்னொருவருக்குப் பழைய பாட்டு. எல்லோரும் சேர்ந்து கத்தியதில் பெட்டி, பாவம், வாயடைத்துப் போயிற்று.

லஸ்கருக்குப் பொறுக்குமா? தண்ணீர் பற்றாத காலத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்து விட்டவராயிற்றே. வாசலில் நாற்காலி போட்டு, டார்ச்சும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். டார்ச் எரிந்தால் மதகு திறந்திருக்கிறது, அணைந்தால் மூடியாயிற்று.

"கடைமடைக்குத்தான் மொத தண்ணி. கடைசி வீட்டு ஜமீலாம்மா, நீங்க கேளுங்க. சார், நீங்க நடுமடை, உக்காருங்க."

நடுமடை நான்தான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்க என் முறை வருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும்.

தெருவின் முதல் வீடான அவர் வீடு தலைமடை என்பதால் அவருக்குக் கடைசி முறை. மகன் கூப்பிட்டால், "இப்ப ஜமீலாம்மா முறைப்பா, அப்பறம் கூப்புடு!" என்று மூடிவிடுவார். முறை சுற்றி வருவதற்குள் அவன் இரவு வேலைக்குக் கிளம்பியிருப்பான்.

ஒருநாள் பெட்டிக்குள்ளிருந்து குமுறினான். "உங்ககூட பேசணும்னு வாங்குன பெட்டிப்பா அது! உங்களத் தவிர எல்லாரும் பேசுறாங்க. இனிமே நான் கூப்பிடல."

லஸ்கர் முகம் வாடிப்போனது. ஆனாலும் டார்ச்சை ஜமீலாம்மா பக்கம்தான் திருப்பினார்.

மறுநாள் மாலை பெட்டி சும்மா கிடந்தது. ஜமீலாம்மா வாய் திறக்கவில்லை.

"கேளுங்கம்மா, ஒங்க முறை."

"எம் முறைய தலைமடைக்கு விட்டுட்டேங்க."

நாற்று காய்கிற வயலுக்கு முறையை விட்டுக்கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். லஸ்கரே மறுக்க முடியாத சட்டம் அது. நானும் விட்டேன்; தெரு முழுக்க விட்டது.

லஸ்கர் முறைத்தார். "எங்க நாத்து காயுது?"

"மஸ்கட்டுல காயுதுங்க" என்றார் ஜமீலாம்மா.

லஸ்கர் டார்ச்சைத் தன் பக்கம் திருப்பி எரியவிட்டார். பிறகு பெட்டியிடம் மகனைக் கூப்பிடச் சொன்னார்.

"அப்பாதான்... சாப்ட்டியாப்பா?"

டார்ச்சை அணைக்க மறந்துபோனார் மனிதர். நாங்களும் நினைவுபடுத்தவில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.